நீல விளக்கின் கீழுள்ள கடல்நீர்த் தொட்டியைப் படமெடுப்பது எப்படி?

உவர்மலைவாசி (திருகோணமலை) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு முன்விறாந்தையை அடுத்த அறையில் நான்கு அடி நீளமான கடல்நீர்த் தொட்டி ஒன்றைப் பராமரித்து வருகிறேன். கடலிலிருந்து முருகைக்கல் (பவளக்கல்) எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதால், சீமெந்தில் வார்த்த கற்களை அடுக்கி, அவற்றின்மேல் இளஞ்சிவப்புப் பாசி படரும்வரை பொறுத்திருந்து, முருகைப்பாறையின் ஒரு மூலையைப் போல அதை அமைத்திருக்கிறேன். பூவைப் போல விரல்களை விரித்து நிற்கும் கடலுயிரான ஒரு கடற்சாமந்தியும், அதை விட்டு அகலாத ஒரு சோடிக் கோமாளி மீன்களும், கல்லிடுக்கில் நின்றபடி நீண்ட வெள்ளை மீசைகளை அசைத்துக்கொண்டிருக்கும் துப்புரவு இறால்களும் அதில் வாழ்கின்றன.

மாலையில் நீல விளக்கு எரியும்போது கடற்சாமந்தியின் விரல்கள் பச்சையாக ஒளிர்வதைக் கண்ணால் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கிறது. ஆனால் கைத்தொலைபேசியில் எடுத்தாலும், மைத்துனரிடம் வாங்கிய பழைய டிஎஸ்எல்ஆர் கமராவில் எடுத்தாலும், படம் முழுவதும் நீலமாகிவிடுகிறது. கோமாளி மீனின் செம்மஞ்சள் நிறம் மங்கிய பழுப்பாகத் தெரிகிறது. இதற்கு மேலாக, எதிரே உள்ள யன்னலும் எனது சேட்டும் கண்ணாடியில் தெளிவாக விழுகின்றன. கமராவோடு வந்த 18–55 மில்லிமீற்றர் வில்லை மட்டுமே என்னிடம் உள்ளது. புதிய கமரா வாங்காமல் இதைச் சரிசெய்ய முடியுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

ஸ்காபரோத் தமிழன் (பிறந்த இடம் திருகோணமலை):

வணக்கம் தம்பி. நான் இங்கே கனடாவில் பண்ணையில் வளர்த்த பவளங்களை வாங்கி வைத்திருப்பதால் இதே சிக்கலை நன்கு அறிவேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் கமராவில் எந்தக் கோளாறும் இல்லை, புதியது வாங்க வேண்டிய தேவையும் இல்லை.

இவ்வகைத் தொட்டிகளுக்கான எல்ஈடி விளக்குகளின் ஒளி பெரும்பாலும் 420 முதல் 460 நனோமீற்றர் வரையான நீலத்திலேயே குவிந்திருக்கிறது. கமராவின் தானியங்கி வெண்சமநிலை (வெள்ளைப் பொருள் வெள்ளையாகவே தெரியும்படி நிறங்களைத் தானே சரிசெய்யும் ஏற்பாடு), வெயில், நிழல், வீட்டு மின்குமிழ் போன்ற வழக்கமான ஒளிகளை எதிர்பார்த்தே அமைக்கப்பட்டது. பெரும்பாலான கமராக்களில் வெண்சமநிலையைக் கையால் அமைத்தாலும், ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவான கெல்வினில் அதன் எல்லை ஏறத்தாழ 10,000 உடன் முடிந்துவிடுகிறது. உங்கள் விளக்கோ அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது. அதனால் ஒளியைப் பதியும் கமராவின் உணரியில் நீலப் பகுதி நிரம்பி வழிய, சிவப்புப் பகுதிக்கு ஏறத்தாழ ஒன்றுமே கிடைப்பதில்லை. செம்மஞ்சள் ஒளி விழாத இடத்தில் கோமாளி மீன் எந்தச் செம்மஞ்சளைத்தான் திருப்பி அனுப்பும்?

ஆகவே இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். ஒன்று, கமரா தானே திருத்திச் சுருக்கித் தரும் ஜேபெக் கோப்பாக அன்றி, உணரி பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்பாகப் படமெடுங்கள். கணினியில் லைட்ரூம் போன்ற மென்பொருளில் ரோ கோப்பின் வெண்சமநிலையை 50,000 கெல்வின் வரை நகர்த்தலாம். மற்றது இன்னும் முக்கியமானது. செம்மஞ்சள் அல்லது அடர்மஞ்சள் வடிகட்டி ஒன்றை வில்லையின் முன் வைத்து எடுங்கள். உணரியை அடையும் முன்னரே மிகையான நீலத்தை அது தடுத்துவிடும். வழிந்து போன நீலத்தைப் பின்னர் எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது என்பதால், படமெடுத்தவுடன் கமராத் திரையில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் ஒளியளவைக் காட்டும் வரைபடங்களைத் தனித்தனியாகப் பார்க்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள்.

சிலர் படமெடுக்கும்போது விளக்கை முழு வெள்ளைக்கு மாற்றச் சொல்வார்கள். மீன்களுக்கு அது மிகவும் பொருத்தம். ஆனால் நீங்கள் ஆசைப்படும் அந்தப் பச்சை ஒளிர்வு வெள்ளை ஒளியில் அமுங்கிப் போகும். கடற்சாமந்தியின் உடலிலுள்ள ஒருவகைப் புரதம் நீல ஒளியை உறிஞ்சிப் பச்சையாகத் திருப்பி வெளியிடுவதனாலேயே அது ஒளிர்கிறது. இத்தகைய பச்சைப் புரதத்தை 1962இல் ஒசாமு ஷிமோமுரா ஓர் இழுதுமீனிலிருந்து பிரித்தெடுத்தார். அதன் தொடர்ச்சியாக நடந்த ஆய்வுகளுக்காக அவருக்கும் மார்ட்டின் சால்ஃபி, ரொஜர் சியென் ஆகியோருக்கும் 2008இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. மஞ்சள் வடிகட்டி தூண்டும் நீலத்தைத் தடுத்து, வெளிவரும் பச்சையை மட்டும் உள்ளே விடுகிறது. நீல விளக்கையும் மஞ்சள் வடிகட்டியையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கலியாணப் படப்பிடிப்பாளர் (திருகோணமலை நகர்):

அண்ணா நிறத்தைப் பற்றி முழுமையாகச் சொல்லிவிட்டார். நான் கண்ணாடியைப் பற்றிச் சொல்கிறேன். நம்மிடம் படங்களைக் கொண்டுவந்து காட்டுபவர்களில் அநேகர் தெளிவின்மைக்கு வில்லையைக் குறை சொல்வார்கள். உண்மையில் அவர்கள் கண்ணாடிக்குச் சாய்வாக நின்று எடுத்திருப்பார்கள். நீர், கண்ணாடி, காற்று என்று மூன்றைக் கடக்கும் ஒளி சாய்வாக வந்தால் ஒவ்வொரு நிறமும் சற்று வேறுபட்ட அளவில் வளைந்து, மீனின் விளிம்பில் நிறக்கோடுகளும் மங்கலும் தோன்றும். கண்ணாடி தடிப்பாக இருக்க இருக்க இது கூடும். வில்லை கண்ணாடிக்கு நேர் செங்குத்தாக இருக்கட்டும். மீன் பக்கவாட்டில் நகர்ந்தால் கமராவைத் திருப்பாமல், கமராவோடு நீங்களும் சேர்ந்து நகருங்கள்.

யன்னலும் சேட்டும் விழுவதற்கு மருந்து எளிது. அறை விளக்கை அணைத்து, யன்னல் திரையை மூடி, கறுப்பு உடை அணிந்துகொள்ளுங்கள். றப்பரில் செய்த வில்லை மறைப்பு ஒன்றை மாட்டிக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் பிரதிபலிப்பு நுழைய வழியே இருக்காது. ஆனால் உங்கள் 18–55 வில்லை ஏறத்தாழ 25 சென்ரிமீற்றருக்கு உள்ளே குவியாது என்பதால், முன்கண்ணாடியை ஒட்டி நிற்கும் மீனை அப்படி எடுக்க இயலாது. வில்லைக்கும் கமராவுக்கும் இடையே பொருத்தினால் இன்னும் கிட்டத்தில் குவியச் செய்யும் நீட்டிப்புக் குழாய் மலிவாகக் கிடைக்கிறது. மிகக் கிட்டத்தில் எடுப்பதற்கான மக்ரோ வில்லை வாங்கும் வரை அதுவே போதும்.

உட்பக்கப் பாசியை ஒரு மணித்தியாலம் முன்னதாகவே சுரண்டிவிடுங்கள், துகள்கள் அடங்க நேரம் வேண்டும். வெளிப்பக்கத்தில் காய்ந்திருக்கும் உப்பை நல்ல நீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடியும் துடைக்க வேண்டும். கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் தொட்டியருகே விசிறவே கூடாது.

வில்லையில் ஒளி நுழையும் துவாரத்தை எஃப் 8 என்ற அளவில் வையுங்கள். கடற்சாமந்திக்கு ஷட்டர் வேகம் நொடியில் 125இல் ஒரு பங்கும், மீனுக்கு 250இல் ஒரு பங்கும் குறைந்தபட்சம் தேவை. அதற்காக உணரியின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 1600 வரை உயர்த்தத் தயங்க வேண்டாம். சிறு மணிமணியான தோற்றத்தைச் சகித்துக்கொள்ளலாம், அசைந்த மீனை ஒன்றும் செய்ய முடியாது. இவ்வளவு கிட்டத்தில் கூர்மையாகத் தெரியும் ஆழம் சில மில்லிமீற்றர்தான். ஆகவே மீனைத் துரத்தாமல் கடற்சாமந்தியின் ஓரத்தில் கையால் குவியத்தை நிறுத்திக்கொண்டு காத்திருங்கள். கோமாளி மீன் சுற்றிச் சுற்றி அங்கேயே வரும். அதன் கண் கூர்மையாகும் கணத்தில் அழுத்துங்கள். வடிகட்டியாகப் பயன்படும், ஒளி ஊடுருவும் செம்மஞ்சள் ஜெல் தாள் எங்கள் கடையில் இருக்கிறது, நகருக்கு வரும்போது ஒரு துண்டு வெட்டித் தருகிறேன்.

உவர்மலைவாசி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஜெல் தாளைப் பெற்று வந்து முயன்றேன். பச்சை ஒளிர்வு கண்ணால் காண்பதற்கு மிக நெருக்கமாக வந்துவிட்டது. கடற்சாமந்தியின் விரல் நுனிகள் ஒவ்வொன்றும் சற்றுத் தடித்து, ஊதா நிறம் பூண்டிருப்பதைப் படத்தில்தான் முதன்முதலாகக் கவனித்தேன். ஆனால் கைத்தொலைபேசியில் எடுக்கும்போது மட்டும் படத்தின் குறுக்கே கறுத்த பட்டைகள் தோன்றுகின்றன. இது ஏன்?

ஸ்காபரோத் தமிழன்:

விளக்கின் ஒளியைக் குறைத்து வைத்திருக்கிறீர்கள் போலும். பல எல்ஈடி விளக்குகள் மங்கலாவது, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிவதன் மூலமே. தொலைபேசியின் உணரி படத்தை வரி வரியாக வாசிப்பதால், விளக்கு அணைந்திருந்த வரிகள் கறுத்துவிடுகின்றன. படமெடுக்கும் நேரம் மட்டும் விளக்கை முழு ஒளிக்கு உயர்த்துங்கள், அல்லது ஷட்டர் வேகத்தைக் குறையுங்கள். டிஎஸ்எல்ஆரில் பொறிமுறை ஷட்டர் இருப்பதால் அங்கே இது பொதுவாகத் தலைகாட்டுவதில்லை.

நிலாவெளிச் சுழியோடி:

இந்த உரையாடலைத் தாமதமாகவே கண்டேன். விருந்தினரை நிலாவெளிக் கடலிலுள்ள புறாத்தீவுக்கு அழைத்துச் செல்வது எனது தொழில். 2003ஆம் ஆண்டு தேசிய பூங்காவாக்கப்பட்ட அவ்விடத்தில் அவர்கள் எடுக்கும் படங்களும் நீலமாகவே வருகின்றன, ஆனால் காரணம் வேறு. அங்கே வெயிலில் எல்லா நிறங்களும் இருக்கின்றன, நீர்தான் சிவப்பை முதலில் உறிஞ்சிவிடுகிறது. உங்கள் தொட்டியின் ஆழம் இரண்டடிகூட இராது. தொட்டியில் நீர் குற்றவாளி அல்ல. எனவே சுழியோடிகள் பயன்படுத்தும் சிவப்பு வடிகட்டியை யாராவது பரிந்துரைத்தால் அதை வாங்கிவிடாதீர்கள்.

உயிர்களைப் பற்றி இரண்டு சொல்லியாக வேண்டும். நீர் அசையாதிருக்க, அதைச் சுழலவைக்கும் பம்பியை நிறுத்தலாம், அதனால் படமும் நன்றாக வரும். மேலிருந்து எடுப்பதற்கு அது அவசியமும்கூட. ஆனால் கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நம் ஊரில் தொட்டி நீர் எளிதில் சூடேறிவிடுகிறது. சூடான நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும் என்பதால், பத்து நிமிடத்துக்கு மேல் பம்பி நின்றிருக்கக் கூடாது. மறந்துவிடாமல் தொலைபேசியில் மணியை வைத்துவிட்டே நிறுத்துங்கள். இருட்டறையில் திடீரெனப் பிளாஷ் அடிப்பதும் வேண்டாம். மீன் வெருண்டு கல்லில் மோதும். பிளாஷ் வேண்டுமென்றால் தொட்டி விளக்கு எரியும்போதே, மேலிருந்து கீழ்நோக்கி, வெள்ளைத் துணியால் ஒளியை மென்மையாக்கி அடியுங்கள்.

கணினியில் நிறத்தைக் கூட்டும்போதும் கையை அடக்குங்கள். இணையத்தில் உலாவும் பவளப் படங்கள் பல, கடலில் ஒருபோதும் இல்லாத நிறத்தில் மின்னுகின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு வருபவர்கள் உண்மையான முருகைப்பாறையை வெளிறியது என்று எண்ணி ஏமாற்றத்தோடு திரும்புவதை நான் நேரில் காண்கிறேன், அது மனதை வருத்துகிறது. கணினியைத் தொட்டிக்கு அருகிலேயே வைத்து, அதே விளக்கை எரியவிட்டு, கடற்சாமந்தியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துத் திருத்துங்கள். வெண்சமநிலையை முதலில் சரிசெய்யுங்கள். நிறச்செறிவைத் தொடுவதற்கான தேவை அநேகமாக அதன்பின் இருக்காது.