காட்டைப் பற்றி எழுதுவதையே தொழிலாக வைத்துக்கொள்ள முடியுமா?

சோலைக்குருவி:
கோத்தகிரி பக்கம், படுகர் ஊர். தாவரவியல் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. வாரம் ஒரு நாள் பக்கத்திலுள்ள லாங்வுட் சோலைக்காட்டுக்குப் போய்ப் பார்த்ததை நோட்டில் எழுதுகிறேன். முக்குருத்தி, முதுமலை, கொடைக்கானல் என்று சுற்றிச் சுற்றி எழுத ஆசை. வீட்டில் பேங்க் பரீட்சைக்குப் படிக்கச் சொல்கிறார்கள். எங்கே தொடங்குவது?

அவலாஞ்சிக்காரர்:
தம்பி, இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறேன். முதலில் பணம். ஆறு வருடம் கட்டுரைக் காசு பஸ் டிக்கெட்டுக்குத்தான் சரியாக இருந்தது. தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதித்தான் சாப்பிட்டேன். அதனால் பரீட்சையை எழுது, நோட்டையும் விடாதே.

நான் செய்த பெரிய தப்பைச் சொல்கிறேன். அவலாஞ்சிக்கு மேலே சீகை (வாட்டில்) மரங்கள் நெருக்கமாக நின்றதைப் பார்த்து ‘அடர்ந்த வனம்’ என்று எழுதிவிட்டேன். கட்டுரை வந்த பிறகு தோடர் பெரியவர் ஒருவர் என்னை அதே மேட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் சிறுவனாக எருமை மேய்த்த புல்வெளி அது. சீகை ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம். அது பரவப் பரவப் புல் போகும், புல்லை நம்பியிருக்கும் வரையாட்டுக்கும் இடம் போகும். பச்சையாக இருப்பதெல்லாம் காடு இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இன்றைக்கும் அந்தக் கட்டுரையை நினைத்தால் மனசு வலிக்கிறது. அதற்கப்புறம் ஊர்ப் பெரியவர்களைக் கேட்காமல் ஒரு வரி எழுதுவதில்லை.

எல்லாக் காடும் இப்போதே வேண்டாம். லாங்வுட் 116 ஹெக்டேர்தான். 2024-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்திருக்கிறது, கீழே எத்தனையோ ஊர்களுக்குத் தண்ணீர் தருகிறது. ஒரே பாதையில் நாலு பருவமும் நட. காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன் 1950-லிருந்து 1996-ல் இறக்கும்வரை ஒரே பத்திரிகையில் பத்தி எழுதினார். யானையைப் போலவே காக்கையையும் அணிலையும் கவனித்து எழுதினார்.

பூம்பாறை:
கொடைக்கானலிலிருந்து ஒன்று. குறிஞ்சி 2018-ல் பூத்தது, இனி 2030. செடி எந்தச் சரிவில் எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது என்று இப்போதிருந்தே குறித்து வை. பூக்கும்போது எல்லாரும் வருவார்கள், பூக்காத வருடங்களை எழுத ஆள் இல்லை. அப்புறம், முக்குருத்திக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதே.

சோலைக்குருவி:
நன்றி அண்ணா. நேற்று ராத்திரி பாட்டியிடம் சோலை மரங்களுக்குப் படுக மொழியில் என்ன பெயர் என்று கேட்டேன். பதினாலு சொன்னார். அதில் ஒன்பதை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பாட்டியையும் லாங்வுட்டுக்குக் கூட்டிப்போகிறேன்.