ரங்கூன்ல இருந்து சென்னைக்கு அம்மாவ எந்த வழியா அனுப்புறது?
வணக்கம் அண்ணே, அக்கா எல்லாருக்கும். அம்மாவுக்கு 70 வயசு, மூட்டு வலி, கல்யாணத்துக்கு தனியா சென்னை போறாங்க. நேரா பாத்தா 1,770 கிலோமீட்டர் சொச்சம்தான், நேர் பிளைட்னா மூணு மணி நேரத்துக்குள்ள போயிடலாம், ஆனா நம்ம தேதிக்கு ஏஜென்ட் பாங்காக் வழியாத்தான் தர்றாரு, மேற்க போறதுக்கு முதல்ல கிழக்க போகணுமாம்! அதுலயும் இறங்குறது டான் முவாங், ஏறுறது சுவர்ணபூமி, ரெண்டும் வேற வேற ஏர்போர்ட்டு, நடுவுல நாலு மணி நேரம். வீல்சேர்ல இமிக்ரேஷன் முடிச்சு பெட்டி எடுத்து டாக்ஸி புடிச்சு போக அது பத்துமா? டிக்கெட்ல அந்தந்த ஊர் டைம் வேற, பாங்காக் நமக்கு அரை மணி முன்னாடி, சென்னை ஒரு மணி பின்னாடி, கூட்டிக் கழிச்சே தலை சுத்துது. இப்படி அனுப்பினவங்க யாராவது சொல்லுங்க, இல்ல கோலாலம்பூர் வழி தேவலையா? வெள்ளிக்குள்ள காசு கட்டணும்.