மறு: ‘கெஷ்’ என்பதற்குத் தமிழில் என்ன? (அயர்லாந்து நாவலுக்கான கலைச்சொல்)

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நண்பரின் நாவலுக்காகத் தொடங்கிய இழை எங்கெங்கோ சுற்றிவிட்டது. கெஷ் என்பது பழைய அயர்லாந்துக் கதைகளில் ஒருவர் மேல் விழும் கட்டுப்பாடு; மீறினால் கேடு. முதலில் அதன் தன்மையில் உடன்பட்டுவிட்டால் சொல் தானாக வரும் என்று தோன்றுகிறது.

> ‘சாபம்’ என்றே போடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். சாபம் என்று படித்ததுமே நம் வாசகர் இரண்டு கேள்வி கேட்பார். இவன் என்ன குற்றம் செய்தான்? சாப விமோசனம் எப்போது? கெஷ்ஷில் இரண்டுமே கிடையாது. பழங்கதை ஒன்றில் கொனரே என்பவன், அயர்லாந்து அரசர்களின் இருக்கையான தாராவின் அரசனாகப் போகும் வேளையில் அவனுக்கு ஒரு பட்டியலே சொல்லப்படுகிறது. தாராவை வலமாகச் சுற்றாதே, உன் அடிமைகள் இருவரின் சண்டையைத் தீர்த்துவைக்காதே, சிவப்பர் மூவர் உனக்கு முன்னே சிவப்பன் வீட்டுக்குப் போகக் கூடாது, இப்படி. இதில் தண்டனை எங்கே இருக்கிறது? அரச பதவியோடு சேர்ந்து வருவது அது. விமோசனம் என்ற பேச்சே இல்லை.

> அப்படியானால் ‘சபதம்’? ‘வஞ்சினம்’ இன்னும் அழகு.

வஞ்சினம் அழகுதான், மறுக்கவில்லை. புறநானூறு 72இல் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் வஞ்சினம் கூறுகிறான். பகைவரை வெல்லாவிட்டால் மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாது போகட்டும் என்கிறான். அது அவனே வாய்திறந்து ஏற்றுக்கொண்டது. அதை நிறைவேற்றுவதும் தவறுவதும் அவன் கையில். கெஷ் அப்படி இல்லை. பிறர் போடலாம், பிறப்போடு வரலாம், பெயரோடு ஒட்டிக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், நம்மை அறியாமலே அது உடையலாம். அந்தச் சிவப்பர் விஷயத்தையே பாருங்கள். சிவப்பு உடை, சிவப்புக் குதிரை, எல்லாம் சிவப்பாக மூன்று பேர் கொனரேக்கு முன்னால், அவன் தங்கப் போகும் டா டெர்காவின் விடுதிப் பக்கம் போகிறார்கள். டெர்கா என்றாலே சிவப்புதான். பதறிப்போன கொனரே மகனை அனுப்பித் திருப்பிக் கூப்பிடச் சொல்கிறான். பையன் குதிரையை அடித்து விரட்டுகிறான். ஈட்டி எறியும் தூரம் மட்டும் குறையவே மாட்டேன் என்கிறது. கட்டு உடைந்துகொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்தும் அரசனால் தடுக்க முடியவில்லை. இதைப் போய் ‘சபதம் தவறினான்’ என்று எழுத முடியுமா?

‘விலக்கு’ என்று இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். தென்மாவட்டங்களில் பேருந்து ஏறியவர்களுக்கு விலக்கு என்றால் இறங்குமிடம். அதை விட்டுவிட்டாலும், கெஷ் எப்போதும் ‘செய்யாதே’ என்று நிற்பதில்லை, ‘செய்தே ஆக வேண்டும்’ என்றும் வரும். கூ ஹுலின் என்ற வீரனின் சாவு அதில்தான் இருக்கிறது. லெய்ன்ஸ்டர் நூல் என்ற 12ஆம் நூற்றாண்டுச் சுவடியில் உள்ள கதை. அவன் பெயரே ‘குலனின் நாய்’; சிறுவனாக இருந்தபோது குலன் என்ற கொல்லனின் காவல்நாயைக் கொன்றுவிட்டு, அதன் இடத்தில் தானே காவல் நிற்கிறேன் என்றதால் வந்த பெயர். ஆகவே நாய்க்கறி அவனுக்கு ஆகாது. சமையல் நடக்கும் அடுப்படியைச் சாப்பிடாமல் தாண்டிப் போகவும் கூடாது. தனித்தனியாக இரண்டும் சுலபம். கடைசிப் போருக்குப் போகும் வழியில் இடக்கண் குருடான மூன்று கிழவிகள் ரோவன் மரக் குச்சியில் நாயைக் கோத்து வாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவன் நிற்காமல் போகப் பார்க்கிறான். ‘பெரிய விருந்தாக இருந்தால் நின்றிருப்பாய், ஏழைகளின் அடுப்பு, அதனால்தானே?’ என்று ஒருத்தி குத்துகிறாள். இறங்கி வருகிறான். அவள் நாயின் தோள்பட்டையை இடக்கையால் நீட்டுகிறாள். அவன் அதைத் தின்றுவிட்டு எலும்பை இடத்தொடைக்குக் கீழே வைக்கிறான். அந்தக் கையும் அந்தத் தொடையும் வலுவிழக்கின்றன.

சாகசக் கதை எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? எதிரி வாளைத் தொடவே இல்லை. இரண்டு கட்டுகளை எதிரெதிராக நிறுத்திவிட்டான், அவ்வளவுதான்.

அதனால் என் முன்மொழிவு ‘கட்டு’ என்ற வேரிலிருந்து. வாய்க்கட்டு, உடற்கட்டு, திக்குக்கட்டு என்று மந்திரம் பேசுகிறவர்களிடம் ஏற்கெனவே புழங்கும் அமைப்பு. வெறும் ‘கட்டு’ போதாது. ‘அவள் வீரனுக்குக் கட்டுப் போட்டாள்’ என்றால் காயத்துக்கு மருந்து வைத்ததாகிவிடும். ஆகவே *உயிர்க்கட்டு*. உயிர்க்கட்டு இடுதல், உயிர்க்கட்டு முறிதல், அவனது உயிர்க்கட்டுகள் என்று எல்லா வடிவத்துக்கும் வளைகிறது. அடிக்குறிப்பும் வேண்டியதில்லை.

அன்புடன்.

-----

ஐயா, வணக்கம். நாவலை எழுதுகிறவன் நான்தான். உயிர்க்கட்டு பிடித்திருக்கிறது, ஆனால் ஃபெர்கஸ் என்ற வீரனை என்ன செய்வது? விருந்துக்கு அழைத்தால் மறுக்கக் கூடாது என்பது அவனது கெஷ். மன்னன் கொன்ஹோவர் அதைத் தெரிந்துகொண்டு, ஒருவனை ஏவி நடுவழியில் விருந்து வைக்கச் செய்து அவனைத் தங்க வைத்துவிடுகிறான். ஃபெர்கஸ் சாகவில்லையே? இன்னொன்று, க்ரோன்யா என்ற இளவரசி விருந்து மண்டபத்திலேயே டிர்மிட் என்ற வீரன் மீது கெஷ் போட்டு, இன்றிரவே தாராவிலிருந்து என்னை அழைத்துப் போ என்கிறாள். அங்கே நம் ஊர் ‘என் மேல் ஆணை’தான் காதில் விழுகிறது. ஆணைக்கட்டு எப்படி?

-----

தம்பி,

ஆணைக்கட்டு பொருளால் மிக நல்ல சொல். ஆனால் அச்சுக்குப் போனதும் மெய்ப்புத் திருத்துகிறவர் ஒரு காலை வெட்டி அணைக்கட்டு ஆக்கிவிடுவார். டிர்மிட் மேல் க்ரோன்யா அணைக்கட்டு போட்டாள் என்று புத்தகம் வரும். வேண்டாம். அந்தக் காட்சியின் உரையாடலில் ‘என் மேல் ஆணை’யை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், பிரமாதமாக இருக்கும். அடுத்து டிர்மிட் தோழர்களிடம் ஒவ்வொருவராக யோசனை கேட்கும்போது, அவர்கள் ‘கட்டை மீறாதே’ என்று சுருக்கமாகச் சொல்லட்டும். முழுச்சொல் கதைசொல்லியின் வாயில் மட்டும் வந்தால் போதும்.

ஃபெர்கஸ் விஷயம் நியாயமான கேள்வி. ஆனால் அவன் யாருக்குப் பிணை நின்றான்? மன்னன் விரும்பிய டேர்த்ராவோடு ஓடிப்போய், பிறகு ஊர் திரும்பிய நீஷாவுக்கும் அவன் சகோதரர்களுக்கும். இவன் விருந்தில் உட்கார்ந்திருந்த நேரத்தில் அவர்கள் மன்னனின் இருப்பிடமான எவின் மஹாவில் வெட்டப்பட்டார்கள். அவன் கட்டைக் காப்பாற்றிக்கொண்டான், அவனை நம்பி வந்தவர்களின் உயிர் போனது. பெயர் இங்கேயும் பொருந்துகிறது என்றுதான் சொல்வேன்.

எவின் மஹா என்றதும் ஒன்று. அனுப்பிய முதல் அத்தியாயத்தில் அங்கே ‘கோட்டைக் கொத்தளம், பளிங்குத் தூண்’ எல்லாம் இருக்கிறது. வட அயர்லாந்தின் ஆர்மா நகருக்கு அருகே அந்த இடத்தை அகழ்ந்தபோது கிடைத்தது சுமார் 40 மீட்டர் அகலமான வட்ட மரக்கட்டடம். அதன் நடுத்தூணுக்கான மரம் கி.மு. 95 வாக்கில் வெட்டப்பட்டது. உள்ளே கல்லை நிரப்பி, அவர்களே தீ வைத்து, மேலே மண்மேடு எழுப்பியிருக்கிறார்கள். பளிங்கை எடுத்துவிட்டு இதை எழுதுங்கள்.

அப்புறம், மேடுகளுக்குள் வாழும் ‘ஷீ’ மக்களைத் தேவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தேவர் என்றால் வாசகர் மேலே பார்ப்பார், இவர்கள் இருப்பது மண்ணுக்குள். ‘மேட்டார்’ என்று ஒரு யோசனை இருக்கிறது. தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசுவோம்.

அன்புடன்.