ஒட்டாமானி: உடம்பில் ஒட்டாமல் அளக்கும் கருவிக்கு ஒரு பெயர்

அனைவருக்கும் வணக்கம்.

வேலூரில் ஒரு பச்சிளங்குழந்தைப் பிரிவுக்காகப் பெற்றோர் கையேடு எழுதிவருகிறேன். குழந்தையின் உடம்பில் எதையும் வைக்காமல், கேமராவோ ரேடாரோ கொண்டு மூச்சையும் இதயத் துடிப்பையும் அளக்கும் முறைக்கு ஒரு சொல் கேட்டிருந்தேன். தொடர்பற்ற கண்காணிப்பு, தொலைக் கண்காணிப்பு, தீண்டாக் கண்காணிப்பு, தொடாக் கண்காணிப்பு என்று நான்கு வந்தன. அனுப்பியவர்களுக்கு நன்றி. ஆனால் நான்கிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். 2020-இல் கடைவாசலில் நம் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்த வெப்பமானியும் இந்த வகைதான். உடம்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை அளந்தது. மூச்சும் துடிப்பும் இன்னும் நுட்பமானவை. ஒவ்வொரு துடிப்புக்கும் தோலடியில் ரத்தம் கூடிக் குறைகிறது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சுவதால், கண்ணுக்குத் தெரியாத அளவில் முகத்தின் நிறம் மாறுகிறது. சாதாரண கேமராவும் அறை வெளிச்சமும் இருந்தாலே அதிலிருந்து துடிப்பை எடுக்கலாம் என்று 2008-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ரேடாருக்கு நிறம் தேவையில்லை. மூச்சுக்கு மார்பு சில மில்லிமீட்டர் அசைகிறது, துடிப்புக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக. பட்டுத் திரும்பும் அலையில் அந்த அசைவு பதிகிறது. மெத்தைக்கு அடியில் வைக்கும் அழுத்த உணரியும் உண்டு.

குழந்தைகளுக்கு இது ஏன் முக்கியம் என்றால், குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் தோல் அவ்வளவு மெல்லியது. இதயத் துடிப்பை அளக்க மார்பில் ஒட்டிய எலக்ட்ரோடை உரிக்கும்போது மேல்தோலும் சேர்ந்து வந்துவிடுவது உண்டு. அந்தப் புண் வழியாகத் தொற்று நுழையும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளிடம் சிக்கல் வேறு. நிமோனியாவைச் சந்தேகிக்க உலக சுகாதார நிறுவனம் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணச் சொல்கிறது: 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, அதன் பிறகு 5 வயது வரை 40. அந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ இருந்தால் வேகமூச்சு. ஸ்டெதாஸ்கோப்பைப் பார்த்ததும் அழத் தொடங்கும் பிள்ளையிடம் இந்த எண்ணிக்கை நிற்காது. தள்ளி நின்று எண்ணும் கருவிக்கு இங்கேதான் உண்மையான வேலை இருக்கிறது.

இனி சொற்கள். 'தொடர்பற்ற' என்றால் சம்பந்தம் இல்லாத என்றுதான் நம் காதில் விழும். 'தொலை' வேறு பொருளுக்குப் போய்விட்டது: குழந்தை குடியாத்தத்தில், மருத்துவர் வேலூரில் என்றால் அது தொலைக் கண்காணிப்பு. அந்தக் குழந்தையின் காலில் ஆக்சிஜன் அளக்கும் ப்ரோப் சுற்றியே இருக்கலாம். 'தீண்டா' வேண்டவே வேண்டாம். தீண்டாமை என்ற கொடுமையைச் சுமந்த சொல்லை ஒரு குழந்தையின் தொட்டில் மேல் எழுத நான் உடன்பட மாட்டேன்.

மிஞ்சுவது 'தொடா'. இலக்கணம் சரி, ஓசை சரி, புரியவும் செய்கிறது. ஆனாலும் இதைத்தான் நான் மிகவும் எதிர்க்கிறேன். ஒரு கிலோ எடையில் பிள்ளை பெற்ற தாய், தொட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று ஏற்கெனவே பயந்துபோய் நிற்கிறாள். கை கழுவாமல் தொடாதீர்கள் என்று சுவரில் வேறு எழுதியிருக்கிறது. தொட்டிலுக்கு மேலே 'தொடா' என்று தொடங்கும் பலகையைப் பார்த்தால் அவள் கையை இழுத்துக்கொள்வாள். நாம் சொல்லவேண்டியதோ நேர்மாறானது. கங்காரு பராமரிப்பில் குழந்தையைத் தாயின் மார்போடு தோலும் தோலும் படச் சேர்த்துக் கட்டுகிறோம். குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்தவுடனே அதைத் தொடங்கும்படி 2022-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. தொடாமல் இருக்க வேண்டியது கருவிதான், தாய் அல்ல. பெயரைக் கேட்டதும் அது விளங்க வேண்டும்.

'கண்காணிப்பு' பற்றியும் ஒன்று. கேமராவோடு சேர்ந்தால் அது சிசிடிவி ஆகிவிடுகிறது. தாய்மார்கள் பால் கொடுக்கும் அறையில் அந்தப் பெயரோடு ஒரு கேமரா இருந்தால் யாருக்குத்தான் மனம் ஒப்பும்? 'அளவீடு' போதும்.

ஆகவே என் பரிந்துரை: ஒட்டா உயிர்க்குறி அளவீடு. ஒட்டுவது ப்ரோப்பும் எலக்ட்ரோடும்தான், ஆகவே ஒட்டாதது எது என்ற குழப்பம் வராது. மெத்தைக்கு அடியில் இருக்கும் உணரிக்கும் பொருந்தும். மூச்சு, துடிப்பு போன்றவற்றை ஆங்கிலத்தில் vital signs என்கிறார்களே, அதை 'உயிர் அறிகுறி' என்று எழுதினால் நோய் அறிகுறியோடு கலந்துவிடும், அதனால் 'உயிர்க்குறி'.

– காட்பாடியிலிருந்து

* * *

அம்மா, வணக்கம்.

'தொடா' பற்றி நீங்கள் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். 'ஒட்டா'வில் இரண்டு தடைகள் தெரிகின்றன. பழைய வழக்கில் ஒட்டார் என்றால் பகைவர். பேச்சிலும் "புள்ள யார்கிட்டயும் ஒட்ட மாட்டேங்குது" என்போம். குழந்தைக்கு அடைமொழியாக வந்தால் தவறாகப் போகும். 'ஒட்டா உயிர்க்குறி' என்று சேர்த்துப் படித்தால் குறிதான் ஒட்டவில்லை என்றும் ஆகிறது. கருவியின் பெயரோடு மட்டும் சேர்த்துவிடுங்கள். வெப்பமானி போல ஒட்டாமானி. வாடாமல்லி வழியிலேயே அமைகிறது, சந்திச் சிக்கலும் இல்லை. முறைக்குத் தனிப்பெயர் தேவைப்பட்டால் 'ஒட்டாமானி அளவீடு' என்று எழுதலாமே.

– வாலாஜாவிலிருந்து ஒரு தமிழாசிரியன்

* * *

மேடம், நான் நர்ஸ். வார்டில் இதை எல்லாரும் 'வயர் இல்லாத மானிட்டர்' என்றுதான் சொல்வார்கள். அதையே வைத்தால் என்ன?

* * *

ஐயா, ஒட்டாமானி மிக நன்றாக இருக்கிறது. உங்கள் திருத்தத்தோடு எடுத்துக்கொள்கிறேன்.

சிஸ்டர், பேச்சில் அப்படியே சொல்லுங்கள், தவறில்லை. கையேட்டில் மட்டும் வேண்டாம் என்கிறேன். வயர் இல்லாமல் மார்பில் ஒட்டும் பட்டைகளும் வந்துவிட்டன. வயர் இல்லையென்றாலும் உரிக்கும்போது தோல் உரியத்தான் செய்யும்.

இன்னொன்றும் உங்களைப் போன்றவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். இந்தக் கருவிகள் எல்லாவற்றையும் அளந்துவிடுவதில்லை. ரத்த அழுத்தத்துக்குக் கைப்பட்டை, ஆக்சிஜன் அளவுக்குக் காலில் ப்ரோப் என்ற நிலை மாறவில்லை. தோலுக்குக் கருமை தரும் மெலனின் கூடக்கூடக் கேமராவுக்குக் கிடைக்கும் சமிக்ஞை மங்குகிறது. நம் பிள்ளைகளின் நிறத்தில் சோதித்துப் பார்க்காத கருவியை நாம் நம்பக் கூடாது. மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கில் கிடத்தியிருக்கும்போது கேமராவின் நிறக்கணக்கு குழம்பும். கங்காரு பராமரிப்பில் தாயின் மூச்சையும் சேர்த்தே ரேடார் வாங்கிக்கொள்ளும். அதனால் பெயரில் 'முழு', 'தானியங்கி' போன்ற அடைமொழிகள் எதையும் சேர்க்காமல் விட்டேன். பெற்றோருக்கு இல்லாத நம்பிக்கையைக் கொடுத்துவிடக் கூடாது.

கையேட்டுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

"தொட்டிலுக்கு மேலே இருப்பது ஒட்டாமானி. குழந்தையின் உடம்பில் எதையும் ஒட்டாமல் மூச்சையும் இதயத் துடிப்பையும் அளக்கிறது. கைகளைக் கழுவிய பிறகு நீங்கள் குழந்தையைத் தொடலாம். எப்போது தூக்கலாம், எப்போது மார்போடு அணைத்துக்கொள்ளலாம் என்று சிஸ்டரிடம் கேளுங்கள். குழந்தைக்கு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு உள்ளே இழுத்தாலோ, மானி ஒலிக்கும் என்று காத்திருக்காமல் உடனே கூப்பிடுங்கள்."

வாக்கியங்களில் திருத்தம் இருந்தால் அச்சுக்குப் போகுமுன் சொல்லுங்கள். அப்புறம், குறைமாதக் குழந்தைகளுக்கு 20 நொடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றுவிடுகிறதே, அந்த அப்னியாவுக்கு 'மூச்சிடைவெளி' என்று எழுதியிருக்கிறேன். 'மூச்சுநிறுத்தம்' என்றால் பெற்றோர் பயந்துவிடுவார்கள் என்று தோன்றுகிறது. ஆனால் 'இடைவெளி' என்றால் ஆபத்து குறைவாகத் தெரியுமோ என்றும் யோசிக்கிறேன். அதைத் தனி இழையில் பேசுவோம்.

– காட்பாடியிலிருந்து