மறைக்க எதுவுமில்லாதவருக்கு இணையத்தில் அந்தரங்கம் எதற்கு?

கேள்வி:
நான் சட்டத்துக்குப் புறம்பாக எதையும் செய்வதில்லை. என் தேடல்களைப் படித்து யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. மின்னஞ்சலும் வரைபடமும் காசில்லாமல் கிடைப்பதற்கு ஈடாகச் சில விளம்பரங்களைப் பார்ப்பது நியாயமான பேரமாகவே எனக்குப் படுகிறது. அப்படியிருக்க, அந்தரங்கத்தைப் பற்றிய இத்தனை கவலையும் தேவைதானா?

மறுமொழி 1:
நண்பரே, குற்றம் செய்தவருக்குத்தான் அந்தரங்கம் தேவை என்ற எண்ணத்திலேயே உங்கள் கேள்வி தொடங்குகிறது. குளியலறைக் கதவைத் தாழிடுபவர் எந்தக் குற்றத்தையும் மறைக்கவில்லையே. 2006 ஆகஸ்டில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனம், ஆராய்ச்சியாளர்களுக்குப் பயன்படட்டும் என்று, சுமார் 6,50,000 பயனர்களின் ஏறத்தாழ 2 கோடி தேடல்களைப் பெயர்களை நீக்கி, ஆளுக்கு ஓர் எண் மட்டும் இட்டு வெளியிட்டது. சில நாட்களிலேயே நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள், ஓர் எண்ணுக்குரிய தேடல்களை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றைத் தேடிய பெண்மணி யாரென்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஊரின் பெயர், ஒரு குடும்பப்பெயர், விரல்கள் மரத்துப்போவது, வளர்ப்பு நாயின் தொல்லை என்று அவர் தேடியவை தனித்தனியே பார்த்தால் அற்பமானவை. சேர்த்துப் படித்தபோதோ அவரே எதிரில் வந்து நின்றார். அவரும் எந்தத் தவறும் செய்தவரல்லர்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் நம்மில் பலர் தேவையில்லாததற்கு அஞ்சி, அஞ்ச வேண்டியதை விட்டுவிடுகிறோம். காலணி விளம்பரம் துரத்துவது எரிச்சல்தான், ஆபத்தன்று. நம்மைப் பற்றி, நாம் பார்க்கவே முடியாத ஒரு தகவல் தொகுப்பைக் கொண்டு கடனுக்கோ காப்பீட்டுக்கோ வேலைக்கோ நம்மை யாரேனும் எடைபோட்டால், அதில் பிழை இருந்தாலும் மறுத்துப் பேச நமக்கு வழியிருக்காது. என்னைக் கேட்டால், கவலை அங்கேதான் இருக்க வேண்டும்.

மறுமொழி 3:
ஒருவர் தம் அந்தரங்கத்தை விட்டுக்கொடுத்தால் அது அவருடைய விருப்பம் என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். 2018-இல் வெளிவந்த, கேம்பிரிட்ஜ் அனாலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரம் அந்த எண்ணத்தை மாற்றியது. முகநூலில் ஓர் ஆளுமைத் தேர்வுச் செயலியை நிறுவியவர்கள் சுமார் 2,70,000 பேர்தான். அவர்களுடைய நட்புப் பட்டியல்களின் வழியே 8 கோடியே 70 லட்சம் பேர் வரையிலானோரின் விவரங்கள் அந்த நிறுவனத்திடம் போயிருக்கக்கூடும் என்று முகநூலே ஒப்புக்கொண்டது. எனவே உங்களிடம் மறைக்க எதுவுமில்லை என்பதை நம்புகிறேன் ஐயா. உங்கள் தொலைபேசியில் எண் பதிந்திருக்கும் ஒவ்வொருவருக்காகவும் அதையே சொல்ல முடியுமா?

கேட்டவர்:
கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதிலில்லை. இப்போதுதான் தொலைபேசியின் அமைப்புகளைத் (செட்டிங்ஸ்) திறந்து பார்த்தேன். புகைப்படத்தைத் திருத்தும் ஒரு சிறு செயலிக்கு என் தொடர்புப் பட்டியல் முழுவதையும் படிக்க அனுமதி கொடுத்து வைத்திருக்கிறேன். எப்போது கொடுத்தேன் என்பதே நினைவில்லை. அனுமதியை இப்போது நீக்கினால் போதுமா?

மறுமொழி 3:
நீக்குங்கள், ஆனால் அது இனிமேல் படிப்பதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே அவர்களுடைய சர்வருக்குப் போய்விட்ட பிரதி அங்கேயே இருக்கும். ஆகவே செயலியை அழிப்பதற்கு முன், கணக்கையும் தரவையும் நீக்கும் வசதி அதில் உள்ளதா என்று பாருங்கள்; இல்லையென்றால் எழுத்துமூலம் கேளுங்கள்.