ஒரு பார் தாமதமாக நுழையும் வியோலா: தப்பு ஸ்கோரிலா, பார்ட்டிலா?

பென்சில்_ரப்பர்:
கிளாரினெட், இரண்டு வயலின், வியோலா, செல்லோ என்று ஐந்து பேருக்கான படைப்பு ஒன்று எழுதியிருக்கிறேன். ஸ்கோர் (ஐவரின் இசையும் சேர்ந்த முழுப் பிரதி), பார்ட் (ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதி) எல்லாமே கைப்பிரதி. முதல் ஒத்திகை முடிந்ததும் மூன்றாம் பகுதியைத் திருத்தினேன். முதலில் 164 பார் (தாளக் கட்டம்) இருந்தது. 88 முதல் 93 வரை வெட்டிவிட்டு, 61-க்கு அப்புறம் புதிதாக 2 பார் சேர்த்தேன். இப்போது ஸ்கோரில் 160. மூன்று தடவை எண்ணிவிட்டேன்.

பார்ட்டுகளில் தேவையான இடத்தில் தாள் ஒட்டி மேலே எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் ஒத்திகையில் நீண்ட ரெஸ்ட் (வாசிக்காமல் எண்ணிக் காத்திருக்கும் பகுதி) முடிந்து வியோலா நுழையும்போது ஒவ்வொரு முறையும் ஒரு பார் தாமதம். அவர் சரியாகத்தான் எண்ணினேன் என்கிறார். நான் நம்பவில்லை, கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். இன்னொன்று, புதிதாகச் சேர்த்த அந்த 2 பாரிலும் கிளாரினெட் மற்றவர்களோடு ஒட்டவே இல்லை. ஸ்கோரில் சுருதி சரியாகத்தான் இருக்கிறது. எங்கே தேடுவது?

நகல்மேசை:
ஸ்கோரை மூன்று தடவை எண்ணியிருக்கிறீர்கள், சரி. பார்ட்டை எண்ணினீர்களா? ஸ்கோரைப் பக்கத்தில் வைக்காமல், ஐந்து பார்ட்டையும் தனித்தனியாக எண்ணுங்கள். பல பார் ரெஸ்ட்டின் மேல் போட்ட எண்ணையும் கூட்டிக்கொள்ளுங்கள். வெட்டிய இடத்தில் வியோலாவுக்கு என்ன இருந்தது என்றும் சொல்லுங்கள்.

பென்சில்_ரப்பர்:
எண்ணினேன். கிளாரினெட், இரு வயலின், செல்லோ எல்லாம் 160. வியோலா 161! வெட்டிய இடத்தில் வியோலாவுக்குப் பழைய எண்ணில் 84 முதல் 95 வரை 12 பார் ரெஸ்ட் இருந்தது. அதை 7 என்று மாற்றியிருக்கிறேன்.

நகல்மேசை:
அதுதான். 93-லிருந்து 88-ஐக் கழித்து 5 என்று எடுத்துக்கொண்டு, 12-லிருந்து அதைக் குறைத்திருப்பீர்கள். ஆனால் 88, 89, 90, 91, 92, 93 என்று விரல் விட்டு எண்ணினால் 6 பார். ரெஸ்ட்டில் மிஞ்ச வேண்டியதும் 6.

மற்ற நால்வருக்கும் அந்த இடத்தில் ஸ்வரம் இருந்தது. அதனால் நீங்கள் ஸ்வரத்தைத்தான் அடித்து நீக்கினீர்கள், கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை, தப்பும் வரவில்லை. வியோலாவுக்கு மட்டும் ஒரே ஒரு எண். நகல் எடுப்பவர்கள் வழுக்கி விழுவது பெரும்பாலும் இந்த எண்ணில்தான். எனக்கும் இது நடந்திருக்கிறது, இரண்டு தடவை.

கறுப்புக்குழல்:
கிளாரினெட் பக்கம் நான் வருகிறேன். மூன்றாம் பகுதியில் நடுவில் வாத்தியம் மாறுகிறதா? பி ஃப்ளாட்டிலிருந்து ஏ கிளாரினெட்டுக்கு?

பென்சில்_ரப்பர்:
ஆமாம், 40-ஆம் பாரில் மாறுகிறது.

கறுப்புக்குழல்:
அப்படியானால் புதிய 2 பார் ஏ கிளாரினெட்டில் வாசிப்பது. பி ஃப்ளாட் கிளாரினெட் எழுதியதைவிட ஒரு முழு ஸ்வரம், அதாவது இரண்டு அரை ஸ்வரம், கீழே ஒலிக்கும். அதற்கு எழுதுவது போல நீங்கள் ஒரு முழு ஸ்வரம் ஏற்றி எழுதியிருப்பீர்கள். ஏ கிளாரினெட் எழுதியதைவிட மூன்று அரை ஸ்வரம் கீழே ஒலிக்கும், நீங்கள் ஏற்றியதோ இரண்டு. ஆக இரண்டு பாரும் முழுக்க அரை ஸ்வரம் கீழே போகும். சரிதானா?

பென்சில்_ரப்பர்:
அப்படியே! பழைய பார்களை முன்பு சரியாக எழுதியிருந்தேன். புதியதைச் சேர்க்கும்போது மேலே என்ன வாத்தியம் என்று பார்க்கவே இல்லை.

கறுப்புக்குழல்:
இனி எதை ஒட்டினாலும் அந்தத் துண்டின் தலையிலேயே "ஏ" அல்லது "பி ஃப்ளாட்" என்று பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள். சிலர் ஸ்கோரை ஒலிக்கும் சுருதியில் வைத்துக்கொண்டு பார்ட்டில் மட்டும் மாற்றுவார்கள். அதிலும் இதே ஆபத்து உண்டு.

தாள்_வேண்டாம்:
இதற்குத்தான் மென்பொருள் இருக்கிறதே? ம்யூஸ்கோர், டோரிகோ, சிபேலியஸ் எதிலாவது ஸ்கோரைத் திருத்தினால் பார்ட் தானாக மாறிவிடும். ரெஸ்ட் எண்ணும் தானாக வரும், ஏற்றி இறக்குவதும் தானாக நடக்கும்.

நகல்மேசை:
இந்த இரண்டு பிழையும் வந்திருக்காது, உண்மை. ஆனால் பக்கம் எங்கே திருப்புவது, க்யூ (நுழைவு தெரிய, மற்றவர் வாசிப்பதைச் சிறிதாக எழுதிக் காட்டுவது) எங்கே போடுவது என்பதை முழுக்க அதன் கையில் விட்டுவிட முடியாது. ஸ்வரத்தை எப்படி வாசிப்பது என்று காட்டும் புள்ளியும் கோடும் அப்படித்தான். பீத்தோவன் 1825-ல் தன் ஓபஸ் 132 குவார்ட்டெட்டின் நகலைப் பார்த்துவிட்டு, ஸ்வரத்தின் மேல் போடும் புள்ளியும் சிறு கோடும் ஒன்றல்ல என்று தன் நண்பரான வயலின் கலைஞர் கார்ல் ஹோல்ஸுக்குக் கடிதமே எழுதினார். எதை எழுதினாலும் யாராவது உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தாக வேண்டும்.

கேட்டவருக்கு இன்னொன்று. ஒத்திகைக் கட்டத்தில் தாள் ஒட்டவே ஒட்டாதீர்கள். வெட்டுக்கு அந்தக் காலத்திலிருந்தே வழக்கம் இருக்கிறது: தொடங்கும் இடத்தில் "வி", முடியும் இடத்தில் "டே" என்று ("காண்க" என்னும் லத்தீன் சொல் "விடே"யின் இரு பாதி) எழுதி, இடையில் பென்சிலால் ஒரு கோடு. மனம் மாறினால் ரப்பர் போதும். பார் எண்ணையும் அதுவரை மாற்றாதீர்கள், இல்லையென்றால் ஸ்கோரில் ஒன்று, பார்ட்டில் ஒன்று என்று அரை மணி நேரம் போகும். எல்லாம் முடிவான பிறகு ஒரேயடியாக எண் போட்டு, பார்ட்டைப் புதிதாக எழுதிவிடுங்கள், ஒவ்வொரு பக்க அடியிலும் திருத்திய தேதியோடு.

நடுக்குரல்:
வியோலா வாசிப்பவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். உங்கள் வியோலாக்காரர் அந்த ரெஸ்ட்டில் வேறு என்ன செய்ய வேண்டியிருக்கிறது? வேகம் என்ன?

பென்சில்_ரப்பர்:
நான்கு அடி பார், நிமிடத்துக்கு 132 அடி. அங்கே பக்கம் திருப்ப வேண்டும். ம்யூட்டும் (ஒலியைத் தணிக்கும் சிறு பொருள்) மாட்ட வேண்டும்.

நடுக்குரல்:
12 பார் என்றால் ஏறத்தாழ 22 வினாடி. இப்போது 11. பக்கம் திருப்பி, ம்யூட் மாட்டி, கூடவே எண்ணிக்கொண்டும் இருக்க வேண்டும். திருப்பத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள். முதல் பக்கத்தை வெறுமையாக விட்டு இரண்டாம் பக்கத்தில் தொடங்கினால், முதல் இரண்டு பக்கமும் எதிரெதிரே விரிந்திருக்கும், திருப்பம் தள்ளிப்போகும். ரெஸ்ட்டின் கடைசி 2 பாரில் கிளாரினெட்டின் மெட்டைச் சிறிய ஸ்வரமாக க்யூ கொடுங்கள். அப்புறம் அவரிடம் ஒரு வார்த்தை மன்னிப்பும் கேட்டுவிடுங்கள்.

பென்சில்_ரப்பர்:
கேட்டாயிற்று. சிரித்துவிட்டு, "அந்த 7-ஐ எழுதிய பென்சில் எங்கே?" என்றார். க்யூ விஷயத்தில் ஒரு சந்தேகம்: கிளாரினெட் பார்ட்டில் இருப்பதை அப்படியே எழுதலாமா?

நடுக்குரல்:
வேண்டாம். காதில் விழும் சுருதியில், வியோலாவின் ஆல்டோ கிளெஃபிலேயே (எந்தக் கோடு எந்த ஸ்வரம் என்று காட்டும் குறி) எழுதுங்கள். அதாவது ஏ கிளாரினெட் பார்ட்டிலிருந்து எடுத்தால் மூன்று அரை ஸ்வரம் இறக்கி. இந்தத் தடவை இரண்டு அல்ல!