சைக்கியாட்ரி பி.ஜி. எங்கே சேர்வது: வார்டில் கண்டவை

மனநல மருத்துவ மேற்படிப்புக்கு (சைக்கியாட்ரி பி.ஜி.; அதைப் படிக்கும் டாக்டரும் பி.ஜி.தான்) எந்த ஊரில் சேர்வது என்று மூன்று பேர் ஒருவருக்கொருவர் பதிலாக எழுதியது இது. ஒவ்வொரு பகுதியின் தலைப்பும் எழுதியவரைக் குறிக்கும்.

வடக்கு வார்டு

மருத்துவமனையின் கட்டில் எண்ணிக்கையை மட்டும் பார்த்து கவுன்சலிங்கில் சீட் லாக் செய்கிறவர்களுக்காக இது. வடக்கே ஒரு பெரிய நிறுவனம். நோயாளி போஜ்புரி பேசுகிறவர். கேஸ் எடுத்த முதலாண்டு பி.ஜி. தமிழர், கைவசம் இருப்பது கொஞ்சம் இந்தி. நோயாளியின் அண்ணன் மொழிபெயர்த்தார். நோயாளி இரண்டு நிமிஷம் விடாமல் பேசினார், அண்ணன் சொன்னது ஒரே வரி: "ராத்திரி தூக்கம் இல்லையாம்." கேஸ் ஷீட்டில் 'பேச்சு கோர்வையாக உள்ளது' என்று ஏறிவிட்டது. மறுநாள் ரவுண்ட்ஸில் போஜ்புரி தெரிந்த சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். வயலில் ஆரம்பித்த பேச்சு ரயிலுக்குத் தாவி, அம்மாவின் வளையலில் போய் நின்றது. தம்பி மேல் இருந்த பாசத்தில் அண்ணன் எல்லாவற்றையும் ஒழுங்காக்கிக் கொடுத்திருக்கிறார். நமக்குப் பேச்சுதான் பரிசோதனை. ஊரை முடிவு செய்யும் முன் அங்கே நோயாளிகள் என்ன மொழி பேசுவார்கள் என்று பாருங்கள்.

லியேசான் டியூட்டி

முழுசா ஏத்துக்க முடியல. மொழி ஆறு மாசத்துல நாக்குல வந்துரும். ஆனா ராத்திரி மெடிசின் வார்டுல இருந்து நம்மளைக் கூப்பிடுற போன், அதாவது லியேசான் டியூட்டி, எல்லா இடத்துலயும் கிடைக்காது. மூணு நாளா பேச்சில்ல, சாப்பாடில்ல, எம்.ஆர்.ஐ. நார்மல்னு ஒரு அம்மா. கையைத் தூக்கிவிட்டா அந்தரத்துல அப்படியே நிக்குது. லோராசிபாம்ங்கற மருந்து 2 மி.கி., நரம்பு ஊசியா (ஐ.வி.), மெதுவா போட்டோம். பத்து நிமிஷத்துல "தண்ணி"ன்னு கேட்டாங்க. கேட்டடோனியாவை, அதாவது உடம்பும் பேச்சும் உறைஞ்சுபோற நிலையை, இப்படி ஒரு தடவை பார்த்தவர் மறக்கவே மாட்டார்.

பொது மருத்துவமனையோட ஒட்டின டிபார்ட்மென்ட்லதான் இது நிறைய வரும்: அரளி விதை தின்னு ஐ.சி.யூ.ல இருந்து மீண்டவங்க, குடியை நிறுத்தின மூணாம் நாள் சுவத்துல பாம்பு ஊருதுன்னு கத்துறவங்க, பிரசவ வார்டு. மத்திய அரசு மருத்துவ நிறுவனமான சண்டிகர் பி.ஜி.ஐ.ல 1963-லேர்ந்தே சைக்கியாட்ரி பொது மருத்துவமனைக்குள்ளதான். 1794-ல வேர் விட்ட சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை (ஐ.எம்.எச்.) வேற ரகம்: நாள்பட்ட ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு), கோர்ட் அனுப்புற கேஸ். பெங்களூரு நிம்ஹான்ஸ்ல நியூராலஜி, நியூரோசர்ஜரி எல்லாம் ஒரே வளாகம். சி.எம்.சி. சைக்கியாட்ரி, மெயின் ஆஸ்பத்திரி இருக்கற வேலூர் டவுனைத் தாண்டி பாகாயத்துல இருக்கு. ஆனா நோயாளியோட சொந்தக்காரர் ஒருத்தர் கூடவே தங்கணும்ங்கறதால குடும்பத்தோட உட்கார்ந்து பேசுற பயிற்சி தினமும் கிடைக்கும்.

இரண்டாமாண்டைக் கேளுங்கள்

சேரப்போகிறவர் என்ன விசாரிக்க வேண்டும் என்று இருவருமே சொல்லவில்லை. துறைத் தலைவரிடமோ (ஹெச்.ஓ.டி.) புதிதாகச் சேர்ந்தவரிடமோ கேட்க வேண்டாம். இரண்டாமாண்டு பி.ஜி.யை, ஓ.பி. முடிந்த பிறகு, மதியம் பிடியுங்கள். நீங்கள் கேஸ் எடுக்கும்போது கன்சல்டன்ட் (சீனியர் டாக்டர்) ஆரம்பம் முதல் கடைசி வரை பக்கத்தில் உட்கார்ந்தது கடந்த மாதம் எத்தனை தடவை? இதற்குப் பதில் பூஜ்யம் என்றால் மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம். ஓ.பி.யில் நூறு பேர், ஆளுக்கு நான்கு நிமிஷம், எல்லார் சீட்டிலும் 'சி.எஸ்.டி.' (அதே மருந்தைத் தொடரவும்) என்றால் மூன்று வருஷமும் கை வேகமாகும், காது பழகாது.

அடுத்தது ஈ.சி.டி. என்கிற மின் அதிர்வு சிகிச்சை. மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் கொடுப்பதை 2017 மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது. அதனால் அனஸ்தீசியா டாக்டர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்பதைப் பொறுத்தே உங்கள் லாக்புக் (பயிற்சிக் குறிப்பேடு) நிரம்பும். எலெக்ட்ரோடு வைப்பதும் வலிப்பு எத்தனை விநாடி என்று குறிப்பதும் பி.ஜி.யா டெக்னீஷியனா என்று கேளுங்கள். குளோசபின் என்கிற மனச்சிதைவு மருந்து தொடங்கினால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்த அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். அதற்குத் தனி நோட்டு இருந்தால் அது ஒழுங்கான யூனிட். மனநிலையைச் சீராக்கும் லித்தியம் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்கக் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்களா, லேப் வண்டி வரும் நேரத்துக்கா? சைக்கோதெரபிக்கு (பேச்சு வழிச் சிகிச்சை) வாரம் ஒரு மணி நேரம் தனி சூப்பர்விஷன் உண்டா? மாவட்ட மருத்துவமனையில் வேலை செய்யும் மாவட்ட ரெசிடென்சி மூன்று மாதம் கட்டாயம். போகும் மருத்துவமனையில் சைக்கியாட்ரிஸ்ட் இருக்கிறாரா என்பதையும் கேட்டுவிடுங்கள்; இல்லையென்றால் அந்த மாதங்கள் காய்ச்சல் ஓ.பி.யில் கழியும்.

வடக்கு வார்டு

லியேசான் டியூட்டிக்கு: ஆறு மாதத்தில் வருவது மருந்து சொல்லும் மொழி. நோயாளியின் சிந்தனையைச் சோதிக்க ஒரு பழமொழிக்கு அர்த்தம் சொல்லச் சொல்கிற அளவுக்கு வர வருஷம் ஆகும். அதுவரை சொந்தக்காரரை விட்டு மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். அந்த மொழி தெரிந்த நர்ஸைக் கூப்பிட்டு, "அர்த்தம் இல்லாவிட்டாலும் அப்படியே சொல்லுங்க சிஸ்டர்" என்று முதலிலேயே சொல்லிவிட்டு, நோயாளியின் முதல் மூன்று வாக்கியத்தை அவர் சொன்ன வார்த்தையிலேயே ஷீட்டில் எழுதிவையுங்கள்.